மான்ட்ரியல் கொடுத்த மூன்று பையன்கள்

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: "கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். இப்போதுதான் பேஸ்பால் பக்கம் வந்திருக்கிறேன். 2002இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் என்ற அணி ஒரே ஒரு பிட்சருக்காக (பந்து எறிபவர்) மூன்று இளம் வீரர்களைத் தூக்கிக் கொடுத்ததாம், அதனால்தான் அந்த அணியே இல்லாமல் போனதாம். உண்மையா? சீசன் நடுவில் செய்த ஒரு ட்ரேட் இருபது வருடம் துரத்துமா?"

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ட்ரேட் ஒருபக்கச் சாய்வானதா என்பது முதலாவது. அது ஆமாம், அதில் பேச்சே இல்லை. அதனால் அணி அழிந்ததா என்பது இரண்டாவது. அது இல்லை என்பதுதான் என் பதில். இந்த இரண்டு பதில்களும் ஒன்றையொன்று எப்படி அடித்துக்கொள்ளாமல் இருக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இத்தனை நீளம்.

என்னைப் பற்றி ஒரு வரி. தொழிலால் கணக்காளன். இருபது வருடத்துக்கு மேலாகக் கிளீவ்லாந்து பக்கம் இருக்கிறேன். நம்மவர்களில் பலருக்கு இந்த ஊர் தியாகராஜ ஆராதனையால் தெரியும், எனக்குக் கூடுதலாக ஏரிக்காற்றில் நடுங்கிக்கொண்டு பார்த்த ஏப்ரல் மாத ஆட்டங்களாலும் தெரியும். அதாவது, அந்த ட்ரேடில் லாபம் பார்த்த ஊர்க்காரன் நான். அந்தச் சாய்வு இந்தப் பதிலில் எங்காவது எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐபிஎல் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே மைனர் லீக் அணிகள் படிப்படியாக இருக்கும். பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்களை எடுத்து, அங்கே பல வருடம் வளர்ப்பார்கள். மேலே வந்த பிறகும் சுமார் ஆறு சீசன்கள் அவன் அந்த அணிக்குத்தான் ஆட வேண்டும், அதிலும் முதல் சில வருடம் மிகக் குறைந்த சம்பளத்தில். அதனால் நல்ல பையன் ஒருவன் கையில் இருப்பது, இன்னும் விளையாத நிலத்தின் பத்து வருட மகசூலுக்குப் பத்திரம் வைத்திருப்பது மாதிரி. ஜூன், ஜூலை மாதங்களில் கோப்பைக்கு ஓடுகிற அணி அந்தப் பத்திரத்தைக் கொடுத்து இன்றைய அரிசியை வாங்கும். தோற்றுக்கொண்டிருக்கும் அணி அரிசியைக் கொடுத்துப் பத்திரத்தை வாங்கும். சீசன் நடுவில் நடக்கிற ட்ரேட் பெரும்பாலும் இவ்வளவுதான்.

2002 ஜூன் 27. எக்ஸ்போஸுக்கு வந்தவர் பார்டோலோ கொலோன், அன்றைக்கு அமெரிக்கன் லீக்கின் (பெரிய அணிகள் இரண்டு பாதியாகப் பிரிந்திருப்பதில் ஒரு பாதி) முன்னணி பிட்சர்களில் ஒருவர். கிளீவ்லாந்துக்காக அந்த சீசனில் 10 வெற்றி, 4 தோல்வி (அணியின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் பேரில் எழுதுவது பேஸ்பால் வழக்கம்). ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி 2.55, குறைவாக இருந்தால் நல்லது. கூடவே டிம் ட்ரூ என்ற இன்னொரு பிட்சர். கிளீவ்லாந்துக்குப் போனவர்கள் நான்கு பேர். முதல் பேஸ்மேன் லீ ஸ்டீவன்ஸை ஆட்டத்துக்காக வாங்கவில்லை, சம்பளக் கணக்கை நேர்செய்யச் சேர்த்தார்கள். மீதி மூவரும் மைனர் லீக் பையன்கள்: இடக்கை பிட்சர் கிளிஃப் லீ, வயது 23. வெளிக்கள வீரர் கிரேடி சைஸ்மோர், 19. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) பிராண்டன் ஃபிலிப்ஸ், மறுநாள் அவருக்கு 21 முடிகிறது.

பிறகு என்ன ஆனது என்பதில் சந்தேகமே கிடையாது, எல்லாம் ஏட்டில் இருக்கிறது. லீ 2008இல் 22 வெற்றி, 3 தோல்வி, 2.54 சராசரியுடன் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். சைஸ்மோர் 2006 முதல் 2008 வரை மூன்று வருடமும் ஆல்-ஸ்டார் (சிறந்த வீரர்களுக்கான காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர்), 2008இல் 33 ஹோம் ரன்னும் 38 திருடிய பேஸும் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). ஃபிலிப்ஸ் மூன்று முறை ஆல்-ஸ்டார், இரண்டாம் பேஸில் தடுப்பாட்டத்துக்காக நான்கு கோல்டு கிளவ் விருது. கொலோன் மான்ட்ரியலில் இருந்தது ஏழு மாதம்கூட இல்லை. அதில் அவர் 10 வெற்றி, 4 தோல்வி, 3.31 சராசரி என்று ஒரு குறையும் வைக்காமல்தான் எறிந்தார். அணி 83 வெற்றி, 79 தோல்வியுடன் பிரிவில் இரண்டாம் இடம் வந்தது, முதலிடத்து அட்லாண்டாவுக்கு 19 ஆட்டம் பின்னால். ப்ளேஆஃப் பக்கம்கூடப் போகவில்லை.

இந்தப் பத்தியை மட்டும் படித்தால் எக்ஸ்போஸின் ஜெனரல் மேனேஜர் ஓமர் மினாயாவை முட்டாள் என்று சொல்லத் தோன்றும். பலர் சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் கணக்காளன் ஒரு நிறுவனத்தின் ஏட்டைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, இந்தக் கடை அடுத்த வருடமும் திறந்திருக்குமா என்பதுதான். திறந்திருக்கும் என்றால் சரக்குக்கு ஒரு விலை, மூடப்போகிறது என்றால் அதே சரக்குக்கு வேறு விலை. 2001 நவம்பரில் பேஸ்பால் முதலாளிகள் கூடி, இரண்டு அணிகளை மொத்தமாகக் கலைத்துவிடலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அதிகாரபூர்வமாகப் பெயர் சொல்லாவிட்டாலும் அவை மான்ட்ரியலும் மின்னசோட்டாவும் என்பது ஊருக்கே தெரியும். மின்னசோட்டாவில் நீதிமன்றம் குறுக்கிட்டதால் 2002 சீசனுக்கு அது நடக்கவில்லை. இதற்கிடையே எக்ஸ்போஸ் முதலாளி ஜெஃப்ரி லோரியா அணியை லீக்கிடமே 12 கோடி டாலருக்கு விற்றுவிட்டு ஃபுளோரிடா அணியை வாங்கினார். போகும்போது ஊழியர்களையும், வீரர்கள் பற்றிய குறிப்புகளையும், கம்ப்யூட்டர்களையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போனார். வீடு காலி செய்கிறவன் பல்பைக் கழற்றிக்கொண்டு போகிற கதைதான். மிச்சமிருந்த அணிக்கு இப்போது முதலாளி யார் தெரியுமா? அதை எதிர்த்து ஆடுகிற மற்ற 29 அணிகளின் முதலாளிகள், கூட்டாக.

மினாயாவை அமர்த்தியது அந்தச் சூழலில், 2002 பிப்ரவரியில். ஜூன் மாத நிலவரப்படி அணிக்கு அடுத்த வருடம் உண்டா என்பது யாருக்கும் தெரியாது. 2005இல் பழுக்கப்போகிற மூன்று மாமரங்களை வைத்துக்கொண்டு, 2002 டிசம்பரோடு தோட்டத்தையே தரைமட்டமாக்கலாம் என்ற நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? மரத்தைக் கொடுத்து மாம்பழம் வாங்குவான். அதைத்தான் அவர் செய்தார். அந்த ட்ரேட் நடந்து சுமார் இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, வீரர் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் 2006 வரை எந்த அணியையும் கலைப்பதில்லை என்று எழுதினார்கள். தோட்டம் தப்பித்தது, மரங்கள் ஏற்கெனவே பக்கத்து வீட்டில்.

ஆக, மான்ட்ரியல் என்ற ஊர் உண்மையில் என்ன இழந்தது? இதை ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன், விடை என்னையே ஆச்சரியப்படுத்தியது. எக்ஸ்போஸ் மான்ட்ரியலில் கடைசியாக ஆடியது 2004 செப்டம்பர் 29. அதுவரையிலான காலத்தில் அந்த மூவரும் என்ன செய்தார்கள்? லீ 2003இல் 3 வெற்றி, 3 தோல்வி. 2004இல் 14 வெற்றி இருந்தாலும் சராசரி 5.43, அடி வாங்கிக்கொண்டே ஜெயித்த வருடம். சைஸ்மோர் மேலே வந்ததே 2004 ஜூலையில், 43 ஆட்டம் ஆடினார். ஃபிலிப்ஸ் 2003இல் .208 என்று மோசமான சராசரியில் பேட்டிங் செய்துவிட்டுத் திரும்ப மைனர் லீக்குக்குப் போனார். மூவரையும் வைத்திருந்தால்கூட மான்ட்ரியல் ரசிகன் கண்ணால் பார்த்திருக்கக்கூடியது இவ்வளவுதான். கொலோன் அந்த அரை சீசனில் கொடுத்தது இதைவிட அதிகம் என்றே நான் சொல்வேன்.

அணி போனதற்கான காரணங்கள் 2002க்கு முன்பே வரிசையில் நின்றன. 1994இல் 74 வெற்றி, 40 தோல்வியோடு லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தபோது வேலைநிறுத்தம் வந்து சீசனே நின்றது, அதன்பின் நட்சத்திரங்களை ஒவ்வொருவராக விற்றார்கள். நகர நடுவில் புது மைதானம் கட்டும் திட்டம் நிறைவேறவில்லை. 2001இல் ஓர் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் சராசரியாக எட்டாயிரத்துக்கும் கீழே. இவ்வளவுக்கும் பிறகு பழியைக் கொலோன் மேல் போடுவது, நாலு வருடம் மழை பொய்த்துப் போன வயலுக்குக் கடைசியாக வந்த ஆட்டைக் குற்றம் சொல்வது போல.

என்னைக் கேட்டால், உண்மையான தவறு நடந்தது ஜூனில் இல்லை, அடுத்த ஜனவரியில். கொலோனை இன்னொரு முழு சீசனுக்கு வைத்திருக்கும் உரிமை மான்ட்ரியலிடம் இருந்தது. ஆனால் 2003க்கு அவர் சம்பளம் எகிறியது, லீக் பையை இறுக்கிக் கட்டியிருந்தது. மூன்று அணிகள் சேர்ந்த ஒரு ட்ரேடில் அவரைச் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு அனுப்பிவிட்டு, ஓர்லாண்டோ எர்னாண்டஸ், ராக்கி பிடில், ஜெஃப் லீஃபர் மூவரையும் கொஞ்சம் பணத்தையும் வாங்கினார்கள். இதில் பெரிய பெயர் எர்னாண்டஸ். தோள்பட்டை அறுவைச் சிகிச்சையால் 2003 முழுக்க அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. கொலோன் சிகாகோவில் 242 இன்னிங்ஸ் எறிந்தார். அந்த வருடம் ஆகஸ்ட் கடைசியில் எக்ஸ்போஸ் வைல்ட் கார்டு இடத்துக்கு (பிரிவை வெல்லாத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் ப்ளேஆஃப் இடம்) சமநிலையில் நின்றது, இருபத்திரண்டு "சொந்த ஊர்" ஆட்டங்களைப் போர்ட்டோ ரிக்கோவில் ஆடிய களைப்போடு! செப்டம்பரில் எல்லா அணிகளும் மைனர் லீக்கிலிருந்து கூடுதல் ஆட்களை அழைக்கும். மான்ட்ரியலுக்கு அந்தச் செலவையும் லீக் மறுத்தது. மறுபடி 83 வெற்றி, 79 தோல்வி. அந்த செப்டம்பரில் கொலோன் இருந்திருந்தால் ப்ளேஆஃப் நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன், இடைவெளி ஒரு பிட்சரால் அடைபடுகிற அளவு இல்லை. ஆனால் மூன்று பையன்களை விதைநெல்லாகக் கொடுத்து வாங்கிய அரிசியில் பாதியை வேகவைக்காமலேயே திருப்பிக் கொடுத்தது அந்த ஜனவரி. எர்னாண்டஸும் லீஃபரும் பிடிலும் 2004 முடிவதற்குள் ஏட்டிலிருந்தே மறைந்தார்கள். கொலோன் ட்ரேடிலிருந்து முளைத்த எதுவும் அதன்பின் அந்த அணியிடம் இல்லை.

பாதிப்பு யாருக்கு என்றால், வாஷிங்டனுக்கு. 2005இல் எக்ஸ்போஸ் அங்கே குடிபெயர்ந்து நேஷனல்ஸ் ஆனது. முதல் 81 ஆட்டத்தில் 50 வெற்றி, பிரிவில் முதலிடம். அடுத்த 81 ஆட்டத்தில் 31 வெற்றி மட்டுமே. அதே வருடம் கிளீவ்லாந்தில் லீ 18 வெற்றி, 5 தோல்வி, சைஸ்மோர் 22 ஹோம் ரன். பில்லைப் போட்டது ஓர் ஊர், கட்டியது இன்னோர் ஊர். 2008இல் லீயும் சைஸ்மோரும் உச்சத்தில் இருந்தபோது நேஷனல்ஸ் 102 ஆட்டம் தோற்றது.

இந்த இடத்தில் நிச்சயமான தரை முடிகிறது, இனி ஊகம். 102 ஆட்டம் தோற்றதால்தான் 2009 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) முதல் உரிமை வாஷிங்டனுக்குக் கிடைத்தது, அதில் எடுத்த பையன் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க். 2019இல் நேஷனல்ஸ் உலகத் தொடரை, அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரை, வென்றபோது தொடரின் நாயகன் அவர்தான். லீயும் சைஸ்மோரும் இருந்து 2008இல் இன்னும் சில ஆட்டங்களை ஜெயித்திருந்தால் ஸ்ட்ராஸ்பர்க் வேறு அணிக்குப் போயிருக்கலாம். அப்படியானால் 2019 கோப்பைக்கு மினாயாவுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டாம். நடுவில் ஆயிரம் முடிவுகள் இருக்கின்றன, அந்த மூவரும் ஆறு வருடம் அதே அணியில் தங்கியிருப்பார்கள் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. கேள்வியில் "துரத்துமா" என்று கேட்டிருக்கிறீர்களே, நீண்ட காலக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் கைநழுவுகிறது என்று காட்டத்தான் இந்தச் சங்கிலியைச் சொன்னேன்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம். கிளீவ்லாந்து கொள்ளை லாபம் அடித்தது என்று சொல்கிறார்கள், அதில் முக்கால்வாசி சரி. சைஸ்மோர் நான்கு வருடம் இந்த ஊரின் செல்லப்பிள்ளை. 2006இலும் 2007இலும் 162 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு முழங்கை, குடலிறக்கம், முழங்கால் என்று அறுவை மேல் அறுவை. 2012இலும் 2013இலும் ஆடவே இல்லை. டைவ் அடித்துப் பந்து பிடிக்கும்போதெல்லாம் கைதட்டியவன் நான், அந்தக் கைதட்டலில் இப்போது கொஞ்சம் குற்ற உணர்வு இருக்கிறது. ஃபிலிப்ஸை 2006 ஏப்ரலில் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்துவிட்டார்கள், மைனர் லீக்குக்கு இறக்குவதற்கான வாய்ப்புகள் தீர்ந்துபோயிருந்தன. பெற்ற விலை பிறகு பெயர் சொல்லப்படும் ஒரு வீரர். ஃபிலிப்ஸ் நட்சத்திரம் ஆனது சின்சினாட்டியில், இங்கிருந்து காரில் நான்கு மணி நேரம். ஒருபக்கச் சாய்வான ட்ரேடில் ஜெயித்த அணியே அதன் மூன்றில் ஒரு பங்கை வாசலில் விட்டுவிட்டுப் போயிற்று. 2007இல் பாஸ்டனுக்கு எதிரான ப்ளேஆஃப் தொடரில் 3-1 என்று முன்னிலை பெற்று, உலகத் தொடருக்கு ஒரே ஒரு வெற்றி பாக்கி என்ற நிலையில் தோற்றோம். அந்த வருடம் லீ 6.29 சராசரியோடு தடுமாறி, ப்ளேஆஃப் பட்டியலிலேயே இல்லை. அடுத்த வருடம் சை யங்.

அதன்பிறகு 2009 ஜூலையில் லீயையும் விற்றார்கள், ஃபிலடெல்ஃபியாவுக்கு. அந்த அக்டோபரில் உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் எறிந்தவர்கள் லீயும் யாங்கீஸின் சிசி சபாத்தியாவும். முந்தைய வருடத் தொடக்கத்தில் இருவருமே எங்கள் ஆட்கள். டிவியை அணைக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

லீயைக் கொடுத்து வாங்கிய நால்வரில் ஜேசன் டொனால்டின் பெயரைப் பேஸ்பால் ரசிகர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பார்கள். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டின் அர்மாண்டோ கலராகா எங்களுக்கு எதிராக ஒருவரையும் பேஸுக்கு விடாமல் 26 பேரை அவுட் ஆக்கிவிட்டு 27ஆவது ஆளுக்கு எறிந்தார். தெளிவான அவுட்டை நடுவர் ஜிம் ஜாய்ஸ் தவறாக "சேஃப்" என்று சொன்னார். அந்த 27ஆவது ஆள் டொனால்ட். 2002இல் மான்ட்ரியல் கொலோனை வாங்காமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் வேறு யாரோ ஓடியிருப்பார்கள். பயனற்ற தகவல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தகவல்.

நால்வரில் கார்லோஸ் கராஸ்கோ 2017இல் 18 வெற்றி எடுத்தார். 2016இல் உலகத் தொடர்வரை போனபோது செப்டம்பரிலேயே கை உடைந்து வெளியே உட்கார்ந்திருந்தார், ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். 2021 ஜனவரியில் அவரும் ஃபிரான்சிஸ்கோ லிண்டோரும் நியூயார்க் மெட்ஸுக்குப் போக, ஆண்ட்ரேஸ் ஹிமெனெஸ் உட்பட நால்வர் வந்தார்கள். ஹிமெனெஸ் 2022இல் ஆல்-ஸ்டார். 2024 டிசம்பரில் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்து, வந்தவர்களில் ஒருவரை அதே நாளில் பிட்ஸ்பர்குக்கு மாற்றி, பிட்சர்களை வாங்கினார்கள். 2002 ஜூனில் நட்ட செடி 22 வருடம் கழித்தும் தளிர் விடுகிறது. இதைத்தான் "ட்ரேட் மரம்" என்று படமாகப் போட்டு எல்லோரும் வியக்கிறார்கள்.

நானும் அப்படிப் படம் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அதை நம்புவதில் ஓர் எல்லை உண்டு. ஹிமெனெஸ் வந்ததற்கு முக்கிய விலை லிண்டோர், கராஸ்கோ அல்ல. மரத்தில் அவர் பெயரை எழுதும்போது லிண்டோரின் கடனை லீயின் வரவில் எழுதுகிறோம். ஃபிலிப்ஸ் கிளையும் அப்படித்தான். அவருக்குப் பதிலாக வந்த ஜெஃப் ஸ்டீவன்ஸை மார்க் டிரோசாவுக்காகவும், டிரோசாவைக் கிறிஸ் பெரெஸுக்காகவும் மாற்றினார்கள், பெரெஸ் இரண்டு முறை ஆல்-ஸ்டார் ஆனார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டிரோசாவுக்காக ஸ்டீவன்ஸோடு சேர்த்துக் கொடுத்தவர்களில் பின்னாளில் ஆல்-ஸ்டார் ஆன கிறிஸ் ஆர்ச்சரும் ஒருவர். என் தொழிலில் இப்படி ஏடு எழுதினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். நேராக வந்த மூவர் அந்த அணிக்கு ஆடிய ஆட்டம் உறுதியான கணக்கு. அடுத்த தலைமுறை பாதி நம்பலாம். அதற்கும் கீழே போனால் வம்சாவளிப் பெருமைதான்.

எல்லாச் சாய்ந்த ட்ரேடும் ஒரே ரகம் இல்லை என்பதற்கு இரண்டு பழைய கதைகள். 1964 ஜூனில் சிகாகோ கப்ஸ் லூ பிராக்கைக் கொடுத்து எர்னி பிராக்லியோவை வாங்கியது. பிராக்லியோ முழங்கை வலியோடு வந்து மொத்தமே 7 வெற்றி எடுத்தார், பிராக் 938 பேஸ் திருடி ஹால் ஆஃப் ஃபேம் போனார். கப்ஸுக்குக் கொடுத்ததும் போனது, வாங்கியதும் கிடைக்கவில்லை. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸைக் கொடுத்து டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. அவர் 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை, டெட்ராய்ட் கடைசி நாளில் டொராண்டோவை முந்திப் பிரிவை வென்றது. ஸ்மோல்ட்ஸ் அட்லாண்டாவுக்காகப் பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேம் போனாலும், டெட்ராய்ட் கேட்ட பொருள் கைக்கு வந்தது. கொலோன் ட்ரேட் இரண்டாவது வகைக்கே பக்கம். வாங்கிய ஆள் நன்றாக ஆடினார், அணி போதுமான அளவு நல்ல அணி இல்லை.

கடைசியாகக் கொலோன். 2005இல் ஏஞ்சல்ஸுக்காக 21 வெற்றியும் சை யங்கும். 2016 மே மாதம், 43 வயது நிறையப் பதினேழு நாள் இருக்க, வாழ்க்கையின் முதல் ஹோம் ரன்னை அடித்துவிட்டு அவர் பேஸ்களைச் சுற்றி வந்த நேரத்தில் ஒரு டீ போட்டுவிடலாம். லீ கடைசியாக எறிந்தது 2014இல், சைஸ்மோர் முடித்தது 2015இல். 2018இல் கொலோன் டெக்சாஸுக்காக 45 வயதில் எறிந்துகொண்டிருந்தபோது, எக்ஸ்போஸ் சட்டை போட்டு ஆடியவர்களில் பெரிய லீக்கில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.